கல்லீரல் ஓ.பி.: மாத்திரைக்கு முழு மதிப்பெண், வைரல் லோடுக்குப் பாதிதான்

சென்னையில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அல்லது சி வைரஸ் 'பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். அரசு மருத்துவமனைக்குப் போனால் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு) டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் கிடைக்கும் சேவை இது. ஜி.ஹெச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குடல், கல்லீரல் பிரிவுகள்தான் இதற்கு வாசல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்து நல்ல மருந்து. பார்க்கும் டாக்டர்கள் ஒரு நாளில் பார்க்கும் கல்லீரல் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளே எட்ட முடியாது. அந்த அனுபவம் பேச்சில் தெரியும். சேவை இளைப்பது நடுவில்: கார்டு டெஸ்ட்டில் கோடு விழுந்த நாளுக்கும் முதல் மாத்திரை கைக்கு வரும் நாளுக்கும் இடையில். ஆட்கள் விட்டுப்போவது அங்கேதான்.

முதலில் சி. கார்டு டெஸ்ட் தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடல் செய்த ஆன்டிபாடியை. தொற்று ஏற்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வைரஸ் தானாகவே போய்விடும். ஆனால் ஆன்டிபாடி ஆயுளுக்கும் இருக்கும். அதனால் கார்டில் கோடு விழுந்தவுடன் மாத்திரை கிடையாது. ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ. டெஸ்ட்டில் (சி-க்கு வைரல் லோடு டெஸ்ட் என்பது இதுதான்) வைரஸ் இருப்பது உறுதியானால்தான் கிடைக்கும். "பாசிட்டிவ்னு சொல்லிட்டு மருந்து தர மாட்டேங்கறாங்க" என்று கவுன்டரில் சண்டை போடுபவர்களுக்கு இதை யாராவது இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளக்கினால் போதும். அந்த இரண்டு நிமிடம் ஓ.பி.யில் கிடைப்பதில்லை.

ஆர்.என்.ஏ. இருந்து, கல்லீரல் சுருக்கமும் (சிரோசிஸ்) இல்லையென்றால் சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டக்ளாடஸ்விர் 60 மி.கி., தினமும் ஒரு வேளை, 12 வாரம். சிரோசிஸ் இருந்தால் டக்ளாடஸ்விருக்குப் பதில் வெல்படஸ்விர். வயிற்றில் நீர் கோத்த நிலை வரை போயிருந்தால் கூடவே ரிபாவிரின். ரிபாவிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது இல்லாமல் 24 வாரம். சிரோசிஸ் இல்லாமல் முழுக் கோர்ஸையும் முடித்தவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். அமெரிக்காவில் 2013-ல் சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். இந்திய கம்பெனிகள் அதையே ஜெனரிக்காகச் செய்யத் தொடங்கியதால்தான் அரசாங்கத்தால் இலவசமாகக் கொடுக்க முடிகிறது. 'இலவச மாத்திரைதானே, வேலை செய்யுமா?' என்று தயங்கி, வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவையே இல்லை. உள்ளே இருப்பது அதே மருந்துதான்.

ஆனால் அந்த மாத்திரையைக் கெடுக்கும் காரியம் ஒன்று நம் வீடுகளில் தினமும் நடக்கிறது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு 'கேஸ் மாத்திரை'. வெல்படஸ்விர் உடலில் ஏற வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகையறாக்கள் அந்த அமிலத்தை அடக்கிவிடும்; மருந்து பாதி ஏறாமலே போகும். ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் என்றால் நாலு மணி நேர இடைவெளி விட வேண்டும். வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமஸிபைன், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு இந்த மருந்துகளின் அளவு ரத்தத்தில் சரிந்துவிடும். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுபவர் சோஃபோஸ்புவிரை ஆரம்பித்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். ஓ.பி.யில் "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், "சுகர் மாத்திரை மட்டும்" என்று பதில் சொல்வது வழக்கம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை யாருக்கும் ஞாபகத்தில் இருக்காது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

சி-க்கு மருந்து தொடங்கும் முன் பி-க்கும் டெஸ்ட் எடுத்தார்களா என்று கேளுங்கள். இரண்டும் உள்ளவருக்கு சி வைரஸ் அடங்கும்போது, அதுவரை பதுங்கியிருந்த பி தலைதூக்கும். பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். விட்டுப்போனால் விளைவு பெரிது என்பதால்தான் சொல்கிறோம்.

பி வேறு கதை. முழுக்கக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அடக்கி வைக்கும் மருந்துதான் இருக்கிறது. ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. (பி வைரஸின் மேலுறை ஆன்டிஜென்) பாசிட்டிவ் ஆன எல்லாருக்கும் மருந்து தேவைப்படாது. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுத்த இடத்தில் முதல்முறையாக இது தெரிய வந்து, 'அன்ஃபிட்' என்ற சீலோடு அரசு ஓ.பி.க்கு வரும் இளைஞர்கள் இங்கே நிறைய. அவர்களில் பலருக்கு கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்த அளவு சரியாக இருக்கும், வைரல் லோடும் குறைவாக இருக்கும். டாக்டர் "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்பார். அது தட்டிக்கழிப்பு இல்லை, அதுதான் சரியான வைத்தியம். திரும்பி வராததுதான் தவறு.

மருந்து யாருக்கு என்பதை முடிவு செய்ய எஸ்.ஜி.பி.டி., வைரல் லோடு, கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்ற மூன்றையும் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-ல் இந்த வாசலை அகலமாக்கியது: வைரல் லோடு 2,000-க்கு மேல் இருந்து எஸ்.ஜி.பி.டி.யும் கூடியிருந்தாலே மருந்து தரலாம். தழும்பைப் பார்க்க ஃபைப்ரோஸ்கேன் வேண்டும் என்று தனியார் இடங்களில் சில ஆயிரம் ரூபாய் வாங்குவார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையை வைத்தே ஓரளவுக்குக் கணக்குப் போட்டுவிடலாம். 48 வயதுக்காரர், எஸ்.ஜி.ஓ.டி. (எஸ்.ஜி.பி.டி. மாதிரி இன்னொரு கல்லீரல் அளவு) 80, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 1.2 லட்சம், லேபின் எஸ்.ஜி.ஓ.டி. உச்ச வரம்பு 40 என்று வைத்துக்கொள்வோம். தழும்பை அளக்கும் ஏ.பி.ஆர்.ஐ. கணக்கில் 80-ஐ 40-ஆல் வகுத்தால் 2. அதை பிளேட்லெட் 120-ஆல் (ஆயிரக் கணக்கில் எழுதினால் 1.2 லட்சம் இதுதான்) வகுத்து 100-ஆல் பெருக்கினால் 1.67. பி தொற்று உள்ளவருக்கு 0.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய தழும்பு. 1-ஐத் தாண்டினால் சிரோசிஸை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே மாதிரி இன்னொன்றான ஃபிப்-4 கணக்கில் வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கினால் 3,840. பிளேட்லெட் 120-ஐ எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம் 8-ஆல் பெருக்கினால் 960, வகுத்தால் 4. சி தொற்றில் 3.25-க்கு மேல் என்றாலே முற்றிய தழும்பைச் சந்தேகிப்பார்கள். இந்தக் கணக்கை ஓ.பி.யில் போட்டுப் பார்க்கிறார்கள் என்பது பாராட்ட வேண்டிய விஷயம். ஸ்கேன் வரிசையில் நிற்கும் கூட்டம் அந்த அளவுக்குக் குறைகிறது.

பி-க்குத் தரும் மருந்து டெனோஃபோவிர் 300 மி.கி. தினமும் ஒன்று. சிறுநீரகமோ எலும்போ பலவீனம் என்றால் டெனோஃபோவிர் அலஃபெனமைட் 25 மி.கி., இல்லையென்றால் என்டெகாவிர். என்டெகாவிரை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்: சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் பின், அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன். படுக்கும் நேரம்தான் வசதி. பி மாத்திரையை 'உடம்பு நல்லா இருக்கே' என்று தானாக நிறுத்துவது மிக மோசம். வைரஸ் ஒரேயடியாகப் பெருகி, சில வாரங்களில் கல்லீரல் செயலிழப்பில் கொண்டுபோய் விடலாம். மாதாமாதம் மாத்திரைக்காக அரை நாள் லீவு போட முடியாத தினக்கூலிக்காரர்தான் முதலில் விடுகிறார். மாத்திரையை வீட்டுக்குப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தரும் மாநிலத்தில் இது ஆகாத காரியமில்லை.

இனி, பாதி மதிப்பெண் வாங்கிய வைரல் லோடு. ரத்தம் உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் ரத்தம் எடுத்த பிறகு, பிளாஸ்மாவை அன்றே பிரித்து உறைய வைக்க வேண்டும். சாயங்காலம் வரை ஸ்டாண்டிலேயே கிடந்தால் ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கும், குறைவான லோடு உள்ளவருக்கு 'கண்டறியப்படவில்லை' என்று தவறாக வரும் ஆபத்து உண்டு. டெஸ்ட்டை ஜீன்எக்ஸ்பெர்ட், ட்ரூநாட் மாதிரி சிறு கருவிகளிலும் செய்யலாம், பெரிய பி.சி.ஆர். லேபிலும் செய்யலாம். சிறு கருவியில் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தால் டெஸ்ட் நிற்கும். காசநோய்க்கும் அதே கருவிதான் என்பதால் அதன் வரிசை வேறு. பெரிய லேபில் ஒரு தட்டு நிரம்பும் அளவுக்கு மாதிரிகள் சேரும் வரை காத்திருப்பார்கள், ஏனென்றால் நாலு மாதிரிக்கு ஒரு கிட்டைத் திறப்பது வீண். நோயாளிக்குத் தெரிவது "ரிசல்ட் இன்னும் வரல" என்ற ஒரு வரி மட்டும். எப்போது வரும் என்று ஒரு குறுஞ்செய்தி போனால் பாதிப் பேர் வீணாக அலைய வேண்டியிருக்காது. ரத்தம் கொடுக்கும்போது மொபைல் நம்பரைத் தெளிவாக எழுதச் சொல்லி, லேப் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தொற்று எண்ணிக்கை எப்படித் தொகுக்கப்படுகிறது என்பதையும் இந்தச் சேவையின் ஒரு பகுதியாகத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் காமாலை திடீரென்று பரவினால் அது ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்துக்குப் போகும். களப்பணியாளர் எஸ் படிவம், டாக்டர் பி (P) படிவம், லேப் எல் படிவம். 2021 முதல் நாடு முழுக்க ஆன்லைன் தளத்தில் பதிவு. நாள்பட்ட பி, சி நோயாளிகள் ஹெபடைட்டிஸ் திட்டத்தின் தனிப் போர்ட்டலில் இருப்பார்கள். ரத்த வங்கியில் தானம் கொடுத்தபோது பிடிபட்டவர் இன்னொரு கணக்கில். கர்ப்பிணிகள் அரசின் கர்ப்பப் பதிவான பிக்மி எண்ணில். தனியார் லேபில் தெரிய வந்து, அங்கேயே ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டவர் எதிலும் இல்லை. ஒரே ஆள் இரண்டு கணக்கில் வரலாம், ஒன்றிலும் வராமலும் போகலாம். 'சென்னையில் பாசிட்டிவ் கூடிவிட்டது' என்று செய்தி வந்தால், எத்தனை பேருக்கு டெஸ்ட் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் 2022-ல் 2.98 கோடி பேருக்கு பி, 55 லட்சம் பேருக்கு சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது மதிப்பீடு. ஒவ்வொருவராக எண்ணியது அல்ல.

இந்தக் கணக்குகள் ஒன்றோடொன்று பேசாததால் நேரடியாக அடி வாங்குவது பச்சிளம் குழந்தை. பி பாசிட்டிவ் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், 12 மணி நேரத்துக்குள் மறு தொடையில் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் ஆன்டிபாடி ஊசி) போட வேண்டும். தாயின் லோடு 2 லட்சத்துக்கு மேல் என்றால் கடைசி மூன்று மாதம் டெனோஃபோவிர் சாப்பிட வேண்டும். சென்னையில் டெஸ்ட் எடுத்த பெண், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவாள். ரிப்போர்ட் இங்கே, பிரசவம் அங்கே. தடுப்பூசி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கும், இம்யூனோகுளோபுலின் இருக்காது. வளைகாப்பு முடிந்து கிளம்பும் முன்பே, பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனைக்கு எழுத்தில் தெரிவித்து, அந்த ஊசி அங்கே இருக்குமா என்று கேட்டு வைக்க வேண்டியது குடும்பத்தின் பொறுப்பாகவே இருக்கிறது. அரசின் கணினி செய்ய வேண்டிய வேலை அது.

கட்டடங்களுக்கு வருவோம். நகரத்தில் மருத்துவமனைக் கட்டடத்துக்குப் பணம் வராமல் இல்லை. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை, 1,000 படுக்கை, 240 கோடி ரூபாயை ஒட்டிய செலவு, 2023 ஜூன் 15-ல் திறப்பு. கீழ்ப்பாக்கத்தில் எழுந்த அடுக்குமாடி, ஜப்பானின் ஜைக்கா கடனில் வந்தது. தலைமைச் செயலகமாகக் கட்டிய ஓமந்தூரார் வளாகம் 2014-ல் மருத்துவமனையானது. இவற்றால் பலன் இல்லை என்று சொன்னால் அது அநியாயம்: உட்கார இடம் இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, லிஃப்ட் ஓடுகிறது. ஆனால் கட்டடப் பணமும் டெஸ்ட் பணமும் ஒரே பையிலிருந்து வருவதில்லை. கட்டடம் ஒருமுறைச் செலவு. கடனாகவோ மாநில நிதியாகவோ வரும், ரிப்பன் வெட்டினால் முடிந்தது. கார்ட்ரிட்ஜ், ரீஏஜென்ட் (டெஸ்ட்டுக்கான ரசாயனம்), ஒப்பந்த லேப் டெக்னீஷியன் சம்பளம், டேட்டா என்ட்ரி ஆள் எல்லாம் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் ஆண்டுத் திட்டத்தில், மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கில் வருபவை. தவணை தள்ளினால் முதலில் தடுமாறுவது இவைதான். கருவிக்கு வாரன்டி முடிந்த பிறகு பராமரிப்பு ஒப்பந்தத்தை யார் போடுவது என்பது தனித் தலைவலி.

கட்டடத்துக்குள்ளேயே கவனிக்க வேண்டியதும் உண்டு. பி.சி.ஆர். லேபுக்குப் பெரிய ஹால் போதாது. ரீஏஜென்ட் கலக்க ஓர் அறை, மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ. பிரிக்க ஓர் அறை, கருவி ஓட ஓர் அறை. ஆள் ஒரே திசையில்தான் நகர வேண்டும். மூன்றையும் ஒரே ஹாலில் தடுப்பு வைத்துச் சமாளித்தால், ஒருவரின் மாதிரி அடுத்தவர் குழாயில் கலந்து பொய்யான பாசிட்டிவ் வரும். மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசர் ஜெனரேட்டர் லைனில் இருக்க வேண்டும். ஜீன்எக்ஸ்பெர்ட் 30 டிகிரிக்கு மேல் அறைச் சூட்டில் ஓடாது. சென்னை மே மாதத்தில் ஏ.சி. பழுதானால் டெஸ்ட்டும் படுத்துவிடும். கட்டட வரைபடம் கையெழுத்தாகும்போது மைக்ரோபயாலஜி துறையிலிருந்து ஒருவர் மேஜையில் இருந்தால் இதெல்லாம் சுவர் எழும் முன்பே தீர்ந்துவிடும்.

திடீர்க் காமாலையோடு வருபவர்களைப் பற்றிச் சுருக்கமாக: அது பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ, குடிநீர் வழியாக வருவது. புதிய தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். டெஸ்ட் எடுப்பார்கள், ஓய்வு சொல்வார்கள், சில வாரங்களில் தானாக இறங்கும். கர்ப்பிணிக்கு ஈ வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம், உடனே அட்மிஷன். தெருவில் இரண்டு மூன்று வீட்டில் காமாலை என்றால் குடிநீர் வாரியத்தின் 4567 4567 எண்ணுக்கோ மாநகராட்சியின் 1913-க்கோ சொல்லுங்கள். குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் பக்கத்தில் ஓடி, மோட்டார் போட்டு உறிஞ்சும் இடங்களில்தான் கலப்பு நடக்கும்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காத நோயாளி கிடையாது. தானாக இறங்கும் காமாலையில் பெயர் வாங்கும் மூலிகை அது. ஆனால் பி-க்கு இதை விஞ்ஞானமாகவே சோதித்த ஊர் சென்னைதான்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, பி வைரஸைக் கண்டுபிடித்த நோபல் விஞ்ஞானி பாரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-ல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில் 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் ஆன்டிஜென் மறைந்ததாக எழுதியது. பிற நாடுகளில் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய ஜூலை 28, அந்த பிளம்பெர்க்கின் பிறந்த நாள்தான். டெனோஃபோவிரை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிக்கு மாறுவது மட்டும் வேண்டாம்.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை: பழைய ரிப்போர்ட் எல்லாம், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை, ஓடும் மொபைல் நம்பர். கல்லீரல் ஓ.பி. எந்தக் கிழமை என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். அங்கேயே கேட்டுவிட்டுப் போங்கள், தெரியாவிட்டால் 104-ல் கேளுங்கள். ஓ.பி. காலையில்தான், சீக்கிரம் போனால்தான் ரத்தமும் அன்றே எடுப்பார்கள். தனியார் லேபில் எடுத்த வைரல் லோடு இருந்தாலும் திரும்ப எடுக்கச் சொல்ல வாய்ப்புண்டு, அதனால் முன்கூட்டிச் செலவு செய்ய வேண்டாம். திட்டத்தில் பதிவானதும் தரும் எண்ணைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மையத்துக்கு மாற அதுதான் வேண்டும். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கும் பி டெஸ்ட் எடுக்க வேண்டும். நெகட்டிவ் என்றால் 0, 1, 6 மாதங்களில் மூன்று தடுப்பூசி, கையில்; இடுப்பில் போட்டால் சரியாகப் பிடிக்காது.

சி-க்கு 12 வாரம் முடிந்தவுடன் பலரும் 'முடிஞ்சது' என்று போய்விடுகிறார்கள். முடியவில்லை. கடைசி மாத்திரைக்குப் பிறகு இன்னும் 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. டெஸ்ட்டில் வைரஸ் இல்லையென்றால்தான் குணம். அந்தத் தேதியைக் கடைசி மாத்திரை டப்பாவின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சிரோசிஸ் வந்துவிட்டவருக்கு வைரஸ் போனாலும் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்கு முன்பதிவு வரிசை நீளம், அதனால் இந்த ஸ்கேன் முடிந்த அன்றே அடுத்த தேதியையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.